பாட்டின் பெயரைக் கணினிக்குச் சொன்னது யார்?

வீட்டு அலமாரியில் பழைய சிடிகள் இருந்தால் ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். நன்கு அறிமுகமான ஒரு திரைப்படப் பாடல் சிடியைக் கணினியில் போடுங்கள். இணையத் தொடர்பு இருந்தால், சில விநாடிகளில் படத்தின் பெயர், இசையமைப்பாளரின் பெயர், ஒவ்வொரு பாடலின் தலைப்பு எல்லாம் திரையில் வரிசையாக வந்து நிற்கக்கூடும். பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டு, இதுவரை அந்தக் கணினியில் போடாத வேறொரு சிடியைப் போடுங்கள். பெரும்பாலும் 'டிராக் 1', 'டிராக் 2', 'டிராக் 3' என்றுதான் வரும்.

பாட்டு அதே தெளிவோடு ஒலிக்கும். பெயர் மட்டும் இருக்காது.

ஆக, அந்தப் பெயர்கள் சிடியில் இல்லை. வேறு எங்கிருந்தோ வருகின்றன. எங்கிருந்து வருகின்றன, அவற்றை யார் எழுதி வைத்தார்கள் என்று தேடிப் பார்த்தால் சுவையான ஒரு கதை கிடைக்கிறது. அந்தக் கதையில் நம் தமிழ்ப் பாடல்களுக்கும், குறிப்பாக நம் நாட்டுக் கலைஞர்களின் பாடல்களுக்கும், ஒரு பாடம் இருக்கிறது.

எண்கள் மட்டுமே தெரிந்த தட்டு

சிடியின் தர விதிகளை பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து 1980ஆம் ஆண்டில் வகுத்தன. அந்த விதித் தொகுப்பின் உறை சிவப்பாக இருந்ததால் அதற்குச் 'சிவப்புப் புத்தகம்' என்றே பெயர். 1982இல் ஜப்பானில் சிடி விற்பனைக்கு வந்தது. 12 செண்டிமீட்டர் அகலமுள்ள அந்தத் தட்டில் ஒலியானது விநாடிக்கு 44,100 மாதிரிகளாக எண்வடிவில் பதியப்படுகிறது. ஒரு தட்டில் அதிகபட்சம் 99 பாடல்கள் வரை இடம்பெறலாம்.

பாடல்கள் தொடங்குவதற்கு முன்னால், தட்டின் நடுப்பகுதியை ஒட்டி ஒரு சிறு வளையம் உண்டு. புத்தகத்தின் முதல் பக்கங்களில் உள்ளடக்கம் இருப்பதுபோல இங்கும் ஓர் உள்ளடக்கப் பட்டியல் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் தலைப்புகள் கிடையாது. முதல் பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது, இரண்டாம் பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது, கடைசிப் பாட்டு எங்கே முடிகிறது என்ற நேரக் கணக்கு மட்டுமே இருக்கும். நிமிடம், விநாடி, அதற்கும் கீழே விநாடியில் 75இல் ஒரு பங்கு என்ற நுட்பத்தில் அது குறிக்கப்பட்டிருக்கும்.

பாட்டின் பெயரை எழுத அந்த விதிகளில் இடம் வைக்கவில்லை. தட்டின் பட்டைக்குறி எண், ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய குறியீட்டு எண் ஆகியவற்றுக்கு இடமுண்டு. ஆனால் அவை கட்டாயமில்லை என்பதால் பல தட்டுகளில் காலியாகவே கிடக்கின்றன. 1996இல் 'சிடி டெக்ஸ்ட்' என்ற கூடுதல் வசதி வந்தது. தலைப்பையும் கலைஞர் பெயரையும் தட்டிலேயே பதிய அது வழி செய்தது. அதுவும் விருப்பத்துக்கு விடப்பட்டதால், பயன்படுத்தியவர்கள் குறைவு. அதில் லத்தீன் எழுத்துகளுக்கும் ஜப்பானிய எழுத்துகளுக்கும் ஏற்பாடு இருந்தது. தமிழ் எழுத்துக்கு இல்லை.

நேரமே கைரேகை

பெயர் இல்லாத தட்டைக் கணினி எப்படி அடையாளம் காண்கிறது? அந்த நேரக் கணக்கை வைத்துத்தான்.

ஒரு பாடல் மூன்று நிமிடத்திலிருந்து ஆறு நிமிடம் வரை நீளலாம் என்று வைத்துக்கொள்வோம். இடைப்பட்ட நேரம் 180 விநாடி. ஒவ்வொரு விநாடியையும் 75ஆகப் பிரித்தால், அந்த ஒரு பாடலின் நீளம் 13,500 விதமாக அமையலாம். இரண்டு பாடல்கள் என்றால் 13,500ஐ 13,500ஆல் பெருக்க வேண்டும். 182 மில்லியனுக்கு மேல் வந்துவிடும். பத்துப் பாடல்கள் கொண்ட இரண்டு வெவ்வேறு தட்டுகளில் எல்லா நேரங்களும் அப்படியே ஒத்துப்போவது நடக்காத காரியம் என்றே சொல்லலாம். நம் விரல் ரேகைபோல, ஒவ்வொரு தட்டுக்கும் அதன் நேர அட்டவணையே ரேகை.

இந்த அட்டவணையைச் சுருக்கி ஓர் அடையாள எண்ணாக மாற்றும் முறை 1990களில் உருவானது. அதை நாமே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். மூன்று பாடல்கள் மட்டும் கொண்ட ஒரு தட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பாடல்கள் முறையே 2ஆம் விநாடி, 302ஆம் விநாடி, 542ஆம் விநாடியில் தொடங்குகின்றன. 902ஆம் விநாடியில் தட்டு முடிகிறது.

முதல் படி: தொடக்க நேரங்களில் உள்ள இலக்கங்களை எல்லாம் கூட்டுங்கள். இரண்டு, மூன்றும் சுழியும் இரண்டும் சேர்ந்து ஐந்து, ஐந்தும் நான்கும் இரண்டும் சேர்ந்து பதினொன்று. மொத்தம் 18. இதை 255ஆல் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். மீதி 18 தான். இரண்டாம் படி: முதல் பாட்டின் தொடக்கம் முதல் தட்டின் முடிவு வரை மொத்த நேரம் 900 விநாடி. மூன்றாம் படி: பாடல்களின் எண்ணிக்கை 3. இம்மூன்றையும் கணினிக்குப் பிடித்த பதினாறடிமான எண்முறைக்கு மாற்றினால் 12, 0384, 03 என்று வரும். சேர்த்து எழுதினால் 12038403. இதுதான் அந்தத் தட்டின் அடையாள எண்.

கணக்கு எளிது. ஆனால் ஒரு குறையும் இருக்கிறது. இரண்டாம் பாட்டு 302க்குப் பதிலாக 320ஆம் விநாடியில் தொடங்கினாலும் இலக்கங்களின் கூட்டுத்தொகை ஐந்துதான். ஆகவே வெவ்வேறு தட்டுகளுக்கு ஒரே எண் அமைந்துவிடும் வாய்ப்புண்டு. அதனால்தான் மென்பொருள்கள் அந்த எண்ணோடு முழு நேர அட்டவணையையும் சேர்த்து அனுப்பின. பின்னர் வந்த முறைகள் அட்டவணை முழுவதையும் கணக்கில் எடுத்து, 28 எழுத்துகள் கொண்ட நீண்ட அடையாளத்தை உருவாக்கின. அதில் மோதல் நிகழும் வாய்ப்பு மிகவும் அரிதானது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே கணினி பாட்டைக் கேட்பதே இல்லை. திறன்பேசியைப் பிடித்துக் காட்டினால் பாட்டின் பெயரைச் சொல்லும் செயலிகள் ஒலி அலையை ஆராய்கின்றன. சிடியை அடையாளம் காணும் முறை ஒலியைத் தொடுவதில்லை. கடிகாரத்தை மட்டுமே பார்க்கிறது.

கடிகாரம் காட்டிக்கொடுத்த மோசடி

கடிகாரத்தை மட்டும் பார்க்கும் இந்த முறை, இசை விமர்சகர்களே ஏமாந்த ஒரு மோசடியை அம்பலப்படுத்தியது.

ஜாய்ஸ் ஹாட்டோ என்ற பிரிட்டிஷ் பியானோ கலைஞர் 2006இல் காலமானார். அவருடைய இறுதி ஆண்டுகளில் அவர் பெயரில் நூறுக்கும் மேற்பட்ட சிடிகளை அவர் கணவர் வில்லியம் பாரிங்டன்-கூப் வெளியிட்டிருந்தார். நோயுற்ற முதிய வயதில் இத்தனை பதிவுகளா என்று பலரும் வியந்து பாராட்டினர். 2007இல் ஒரு ரசிகர், ஃபிரான்ஸ் லிஸ்ட் இயற்றிய பியானோ பயிற்சிப் படைப்புகள் அடங்கிய ஹாட்டோவின் சிடியைக் கணினியில் போட்டார். ஐடியூன்ஸ் மென்பொருள் திரையில் ஹாட்டோவின் பெயரைக் காட்டவில்லை. லாஸ்லோ சிமோன் என்ற வேறொரு கலைஞரின் பெயரைக் காட்டியது.

செய்தி 'கிராமஃபோன்' இசை இதழுக்குப் போனது. ஒலிப் பொறியாளர் ஒருவர் இரு பதிவுகளின் ஒலி அலைகளையும் ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. தொடர்ந்து ஹாட்டோ பெயரில் வந்த மற்றத் தட்டுகளையும் ஆராய்ந்தபோது, பல்வேறு கலைஞர்களின் பதிவுகள் எடுத்தாளப்பட்டிருந்ததும், சிலவற்றில் வேகம் மாற்றப்பட்டிருந்ததும் வெளிச்சத்துக்கு வந்தன. கணவரும் பின்னர் ஒப்புக்கொண்டார். உறையில் பெயரை மாற்றி அச்சிட்டுவிடலாம். தட்டின் நேர அட்டவணையை மறந்துவிட்டால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

பெயர்களைத் தட்டச்சு செய்தவர்கள்

அடையாளம் கண்டாகிவிட்டது. இனி, அந்த அடையாளத்துக்கு எதிரே பெயரை எழுதியது யார்?

1993இல் டி கான் என்ற நிரலர், யூனிக்ஸ் கணினிகளில் சிடி கேட்பதற்கு 'எக்ஸ்எம்சிடி' என்ற மென்பொருளை எழுதினார். பாடல் தலைப்புகளைப் பயனர் தாமே தட்டச்சு செய்து சேமிக்கும் வசதி அதில் இருந்தது. ஒருவர் தட்டச்சு செய்ததை இன்னொருவர் ஏன் மறுபடியும் செய்ய வேண்டும்? பயனர்கள் தங்கள் பட்டியல்களை மின்னஞ்சலில் அனுப்பினார்கள்; அவை தொகுக்கப்பட்டு எல்லாருக்கும் வழங்கப்பட்டன. ஸ்டீவ் ஷெர்ஃப் என்பவரும் இணைந்து, அந்தத் தொகுப்பை இணையத்தில் ஒரு சேவையாக மாற்றினார்கள். சிடி தரவுத்தளம் என்ற பொருளில் அதற்குச் 'சிடிடிபி' என்று பெயர்.

உலகெங்கும் முகமறியாத ரசிகர்கள் தங்கள் வீட்டில் இருந்த தட்டின் உறையைப் பார்த்துத் தட்டச்சு செய்தார்கள். யாரும் ஊதியம் பெறவில்லை. நான் ஒரு தட்டை எழுதினால் மற்ற ஆயிரம் தட்டுகளின் பெயர்கள் எனக்கு இலவசமாகக் கிடைக்கும் என்ற கூட்டுறவு உணர்வே போதுமானதாக இருந்தது. நம் ஊர் கோத்தோங் ரோயோங் மாதிரிதான்.

பிறகு அந்தத் தரவுத்தளம் கைமாறியது. 1998இல் எஸ்சியன்ட் என்ற நிறுவனம் அதை வாங்கியது. 2000இல் அது 'கிரேஸ்நோட்' என்று பெயர் மாறியது. 2001இல் உரிமம் பெற்ற மென்பொருள்களுக்கு மட்டுமே அனுமதி என்று கதவை மூடிக்கொண்டது. 2008இல் சோனி அந்த நிறுவனத்தை 260 மில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. நிறுவனம் வளர்ந்ததற்குப் பலரின் உழைப்பும் முதலீடும் காரணம் என்பது உண்மை. ஆனால் அதன் அடித்தளம் இலவசமாகத் தட்டச்சு செய்தவர்களின் விரல்களில் இருந்தது என்பதும் உண்மை.

கோபமடைந்த பயனர்கள் சும்மா இருக்கவில்லை. எவரும் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டிருந்த பழைய தரவுகளைக் கொண்டு 2001இல் 'ஃபிரீடிபி' தொடங்கப்பட்டது. அது 2020இல் மூடப்பட்டது. அதே காலகட்டத்தில் ராபர்ட் கே என்ற நிரலர் தொடங்கிய 'மியூசிக்பிரைன்ஸ்' வேறு பாதையில் போனது. இலாப நோக்கமற்ற ஓர் அறநிறுவனத்தின் கீழ் இயங்கும் அதன் அடிப்படைத் தரவுகள் பொதுச்சொத்தாக விடப்பட்டுள்ளன. இனி யார் வாங்கினாலும் விற்றாலும், பொதுவில் விட்டதைப் பூட்டி வைக்க முடியாது.

உறுமி மேளத்துக்கு எந்தப் பெட்டி?

பழைய சிடிடிபியில் ஒரு தட்டைச் சேர்க்க வேண்டுமானால் 11 பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புளூஸ், செவ்வியல், கன்ட்ரி, தரவு, நாட்டுப்புறம், ஜாஸ், இதரவை, நியூ ஏஜ், ரெகே, ராக், திரையிசை. இவ்வளவுதான்.

தமிழ்த் திரைப்பாடல் திரையிசையில் அடங்கிவிடும். தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் முழங்கும் நம் உறுமி மேளத்தை எங்கே வைப்பது? முருகன் பக்திப் பாடல் நாட்டுப்புறமா, இதரவையா? பெட்டிகளைச் செய்தவர்களின் காதுக்கு எட்டிய இசைக்கே பெட்டிகள் இருந்தன.

பெயர் எழுதும் இடமும் அப்படித்தான். ஒரு தட்டுக்குக் கலைஞர் ஒருவர், தலைப்பு ஒன்று என்ற ஏற்பாடு மேற்கத்திய பாடகர்களுக்குச் சரி. தமிழ்த் திரைப்பாடல் தட்டில் கலைஞர் யார்? இசையமைப்பாளரா, பாடகரா, நடிகரா? பாடலாசிரியருக்குத் தனிக் கட்டமே கிடையாது. தொடக்கத்தில் தமிழ் எழுத்திலும் எழுத முடியாது. மேற்கு ஐரோப்பிய எழுத்துகளை மட்டுமே அது ஏற்றது. ஆகவே ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். லகரம், ளகரம், ழகரம் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே எழுத்து. இளையராஜாவின் பெயர் ஒரு பட்டியலில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருக்கும். கணினிக்கு ஓர் எழுத்து மாறினாலும் அவர் வேறு ஆள்தான்.

தலைப்பு ஒன்றாக இருந்தாலும் சிக்கல். 2006இல் 'வல்லவன்' என்ற பெயரில் இரண்டு இசைத்தொகுப்புகள் வந்தன. ஒன்று சிலம்பரசன் இயக்கி நடித்த படத்தின் பாடல்கள். இசை யுவன் சங்கர் ராஜா. மற்றது நம் நாட்டின் யோகி பி, நட்சத்திரா குழுவின் ராப் தொகுப்பு. பெயரை வைத்துத் தேடும் இயந்திரம் இரண்டையும் குழப்பலாம். நேர அட்டவணை குழப்பாது. ஆனால் அந்த அட்டவணைக்கு எதிரே சரியான பெயரை யாரோ ஒருவர் எழுதி வைத்திருக்க வேண்டும்.

சென்ற பல்கலைக்கழக விடுமுறையில் அம்மாவின் சிடிகளைக் கணினிக்கு மாற்றிக்கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். மொத்தம் 43 தட்டுகள். தமிழ்நாட்டுப் படப் பாடல்களில் பெரும்பாலானவற்றின் பெயர்கள் தாமாக வந்தன. உள்ளூர்க் கலைஞர்கள் சொந்தச் செலவில் வெளியிட்ட தட்டுகள் ஆறு இருந்தன. அவற்றில் ஐந்துக்கு வெறும் எண்கள்தான் வந்தன. அந்த ஐந்தில் ஒன்றுக்கு உறையும் தொலைந்துபோயிருந்தது. அதில் நான்காவது பாட்டு ஒலித்தபோது அம்மா சமையலறையிலிருந்தே முழுப் பாட்டையும் கூடவே பாடினார். எழுதியது யார் என்று கேட்டேன். "உறையில போட்டிருந்துச்சே" என்றார்.

அந்த உறை இல்லாமல் போனதோடு அந்தக் கவிஞரின் பெயரும் எங்கள் வீட்டில் இல்லாமல் போய்விட்டது.

நாம் செய்யக்கூடியது

இப்போதெல்லாம் சிடி யார் கேட்கிறார்கள், எல்லாமே இணையத்தில் இருக்கிறதே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இணைய இசைச் சேவைகளிலும் பெயர்கள் தாமாக முளைப்பதில்லை. பாடலை ஏற்றுபவர் நிரப்பிக் கொடுக்கும் விவரமே நம் திரையில் தெரிகிறது. அவர் பாடலாசிரியரின் பெயரை விட்டுவிட்டால் அங்கேயும் அது இருக்காது. அதோடு, 1990களிலும் 2000களிலும் சிறு அளவில் வெளிவந்த உள்ளூர்த் தட்டுகள் எல்லாமே இணையத்துக்கு ஏறிவிட்டன என்று சொல்வதற்கில்லை. சிலவற்றுக்கு யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கும் பிரதியே மிச்சமாக இருக்கலாம்.

மியூசிக்பிரைன்ஸில் எவரும் இலவசமாகக் கணக்குத் தொடங்கலாம். அதன் 'பிக்கார்ட்' என்ற மென்பொருளை இறக்கிக்கொண்டு, சிடியை உள்ளே போட்டு, தட்டைத் தேடும் பொத்தானை அழுத்தினால் அது நேர அட்டவணையைப் படித்துத் தரவுத்தளத்தில் தேடும். இல்லையென்றால் புதிதாகச் சேர்க்க வழி காட்டும். உறையில் தமிழில் இருந்தால் தமிழிலேயே தலைப்பை எழுதலாம். பாடியவர், இசையமைத்தவர், பாடல் எழுதியவர், மிருதங்கம் வாசித்தவர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே இணைக்கலாம். ஒரு கலைஞரின் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டாலும் அவருக்கு ஒரே அடையாள எண். மற்ற எழுத்து வடிவங்களை மாற்றுப் பெயர்களாகச் சேர்த்துவிடலாம். நாம் செய்யும் சில வகைத் திருத்தங்கள் மற்ற உறுப்பினர்களின் வாக்கெடுப்புக்கும் விடப்படுகின்றன என்பதால், தப்பும் தவறுமாக எதையாவது எழுதிவிட்டுப் போக முடியாது.

நான்கு குறிப்புகள் மட்டும். உறையில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள். இரண்டு மூன்று படப் பாடல்களைச் சேர்த்து வீட்டில் பதிவு செய்த தட்டுகளின் நேர அட்டவணையைச் சேர்க்காதீர்கள். அது உலகில் வேறு யாரிடமும் இருக்காது. பாடல் கோப்புகளை எங்கும் ஏற்ற வேண்டாம்; காப்புரிமை கலைஞருக்கு உரியது, நாம் சேர்ப்பது விவரத்தை மட்டுமே.

ஒரு தட்டுக்கு இருபது நிமிடம் போதும். தமிழ்மொழிக் கழகங்கள் இதை ஒரு மதிய நேர நடவடிக்கையாகவே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஓர் உள்ளூர்க் கலைஞரின் தட்டைக் கொண்டுவரட்டும். தமிழ் தட்டச்சு தெரிந்தவர் ஒருவர், உறையின் சின்ன எழுத்துகளைப் படித்துச் சொல்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர் என்று மூவர் சேர்ந்தால் வேலை விரைவாக முடியும். பழைய தட்டுகளை இயக்கும் கருவிகள் இப்போது மடிக்கணினிகளோடு வருவதில்லை என்பதால், யூஎஸ்பியில் இணைக்கும் ஒன்றைக் கழகத்துக்கு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் முகம் தெரியாத யாரோ ஒருவர் தட்டச்சு செய்ததால்தான் இன்று நம் திரையில் பெயர்கள் மின்னுகின்றன. அவர்களிடம் நம் ஊர்த் தட்டுகள் இல்லை. அவை நம்மிடம் இருக்கின்றன. உறைகள் கிழிந்து தொலைவதற்குள் எழுதிவிடுவோம்.